ஏற்காட்டுக்கு இ-பாஸ் வேண்டுமா: ஒரு கொள்கை உரையாடல் வட்டம் திட்டமிடப்பட்ட விதம்

அக்கறையுள்ள குடிமக்களுக்கு ஊரில் பஞ்சமில்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துக்குப் போய் வரிசையில் நிற்கிறார்கள், தகவல் உரிமை மனு போடுகிறார்கள், கிராம சபையில் எழுந்து கேட்கிறார்கள். ஆனால் ஒரு கொள்கையைப் பற்றிப் பல தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து, எதை விட்டுக்கொடுத்தால் எது கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பேசுவது மட்டும் அரிதாகவே நடக்கிறது. நடக்கும்போதும் பாதியில் கலைகிறது. காரணம் பெரும்பாலும் முதல் கூட்டத்துக்கு முன்பே விழுந்துவிட்டிருக்கும். முடிவு யாருடைய மேசைக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்காமல் ஆட்களைக் கூட்டிவிடுவதுதான் அது.

அதனால் இந்த ஆய்வு மேசையிலிருந்து தொடங்குகிறது. அப்படிப் பல தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவதைத்தான் வட்டம் என்கிறோம். இங்கே விவரிப்பது ஒரு மாதிரி நிகழ்வு. இத்தகைய வட்டங்களின் நடைமுறையை ஒரே கேள்வியைச் சுற்றிக் கோத்திருக்கிறோம். ஆட்களுக்குப் பெயர் இல்லை. சட்டப் பிரிவுகள், நீதிமன்ற உத்தரவுகள், கிராம சபை நாட்கள், மலையின் பாதைகள் எல்லாம் உள்ளது உள்ளபடி.

கேள்வி எங்கிருந்து வந்தது

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. முதலில் அது வெறும் பதிவுதான். எத்தனை வண்டி வருகிறது என்று தெரிந்துகொள்ள. 2025 கோடையில் நீதிமன்றம் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தது. ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. அங்கே கதவு இறுகினால் கூட்டம் அடுத்த மலைக்குத் திரும்பும் என்பது ஏற்காட்டுக்காரர்களின் அச்சம். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம். கோடை விழா சமயத்தில் ஏரியைச் சுற்றி என்ன நடக்கும் என்பதை மலையேறிய எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"ஏற்காட்டுக்கும் இ-பாஸ் வேண்டுமா, வேண்டாமா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். இந்த வடிவத்தில் கேட்டால் வட்டம் முதல் அரை மணி நேரத்திலேயே இரண்டாகப் பிளந்துவிடும். லாட்ஜ்காரர் வேண்டாம் என்பார், இயற்கை ஆர்வலர் வேண்டும் என்பார், மலைக்கிராமத்துக்காரர் வாய் திறக்கவே மாட்டார். அவருக்கு இ-பாஸ் என்பது சுற்றுலாப் பயணியின் விஷயம். அவருடைய விஷயம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரசவ வலி எடுத்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு இறங்குவது எப்படி என்பது.

ஆகவே கேள்வி மாற்றி எழுதப்பட்டது: "கோடையிலும் வார இறுதியிலும் மலைக்கு வரும் வண்டிகளை எப்படி நெறிப்படுத்துவது, அதன் சுமையை யார் எவ்வளவு ஏற்பது?" இதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. லாட்ஜ்காரருக்கும் இதில் இடம் உண்டு, பிரசவத்துக்கு இறங்கும் குடும்பத்துக்கும் உண்டு. கேள்வி சரியாக அமைந்ததா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. நேர் எதிரான நிலையில் உள்ள இருவரிடம் தனித்தனியாகக் காட்ட வேண்டும். "இது நம்ம பிரச்சினைதாங்க" என்று இருவருமே சொன்னால் போதும். ஒருவர் மட்டும் சொன்னால் மறுபடி எழுத வேண்டியதுதான். இங்கே நான்காவது வரைவுதான் நின்றது.

எந்த மேசை, எந்தத் தேதி

ஏற்காடு நகராட்சியோ பேரூராட்சியோ இல்லை, ஊராட்சி ஒன்றியம். ஆகையால் சேலம் மாநகராட்சியின் 60 வார்டுகளுக்குப் பொருந்தும் வார்டு குழு, பகுதி சபை விதிகள் மலை மேல் செல்லாது. அங்கே கிராம சபைதான். இன்னொன்றையும் முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதால் ஏற்காட்டில் பெசா சட்டம், அதாவது பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் சட்டம், இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பகுதிகளுக்குத்தான் அது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதியும் அறிவிக்கப்படவில்லை; அதனால் அந்தச் சட்டம் இங்கே எங்கும் பொருந்தாது. இது தெரியாமல் எழுதும் தீர்மானம் முதல் வரியிலேயே தள்ளுபடியாகும்.

வண்டிகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115-இல் இருக்கிறது. பொதுமக்களின் பாதுகாப்பு, வசதி, சாலையின் தன்மை ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு மாநில அரசோ, அரசு அதிகாரம் கொடுத்த அலுவலரோ குறிப்பிட்ட சாலையில் வண்டிகளைக் கட்டுப்படுத்தலாம். கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்குமானால் அரசிதழில் அறிவிக்க வேண்டும். ஆக, ஒரு நீண்ட வார இறுதிக்கான ஏற்பாடு வேறு, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான ஏற்பாடு வேறு. இரண்டாவதுக்குக் காகிதம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு நிற்காது. சென்னை வரை போய்த் திரும்ப வேண்டும்.

இதை வைத்துக் காலக்கணக்கு பின்னாலிருந்து போடப்பட்டது. ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வர வேண்டுமென்றால் டிசம்பர் முதல் வாரத்தில் அறிக்கை ஆட்சியர் கையில் இருக்க வேண்டும். அதற்கு முன் ஊராட்சிகளின் தீர்மானம் வேண்டும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. டிசம்பருக்கு முந்தைய கடைசி வாய்ப்பு நவம்பர் 1. எனவே வட்டம் அக்டோபர் நடுவில் முடிந்தாக வேண்டும். 2025 ஜனவரியில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தபின் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருக்கும் காலத்திலும் கிராம சபை கூடுகிறது. தீர்மானம் நிறைவேற்ற மக்கள்தொகையைப் பொறுத்து 50 முதல் 300 பேர் வரை வர வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தொடக்கம் எப்போது? ஆடி மாதம் முழுக்க சேலத்தில் மாரியம்மன் பண்டிகை. யாரும் வர மாட்டார்கள். நவம்பரில் காபிப் பழம் பறிப்பு தொடங்கிவிடும், எஸ்டேட் தொழிலாளிகளைக் கூப்பிட முடியாது. அக்டோபர் பின்பாதியில் வடகிழக்குப் பருவமழை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை இங்கே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனவே ஆகஸ்ட் 15 கிராம சபை முடிந்த அடுத்த புதன்கிழமை முதல், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஐந்து அமர்வு. அக்டோபர் 2 கிராம சபையில் "இப்படி ஒரு வட்டம் நடக்கிறது, நவம்பரில் அதன் வரைவு சபைக்கு வரும்" என்று ஒரு வரி சொல்லி வைக்கப்பட்டது. இந்த ஒரு வரி இல்லையென்றால் நவம்பர் 1 அன்று "இது எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வியிலேயே நேரம் போய்விடும்.

புதன்கிழமை ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. நகரத்தில் திட்டமிடுபவர்கள் பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமையைத்தான் குறிப்பார்கள். மலையில் ஞாயிறுதான் வியாபாரம். ஜீப் ஓட்டுபவர், ஹோம்ஸ்டே நடத்துபவர், ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போடுபவர் யாரும் வரமாட்டார்கள். வருவது சேலத்து ஓய்வூதியர்கள் மட்டும்தான். திங்கள் குறைதீர் நாள். செவ்வாய் கோயில் நாள். புதன் காலை 11 முதல் மாலை 3.30 வரை என்றால் தொலைவான கிராமத்துக்காரர்களும் இருட்டுக்கு முன் வீடு சேரலாம்.

யார் உட்கார்ந்தார்கள்

24 பேர். எட்டு எட்டாக மூன்று மேசை. எட்டுக்கு மேல் போனால் இரண்டு பேர் பேச்சாளராகவும் மற்றவர்கள் கூட்டமாகவும் மாறிவிடுவார்கள். ஆறுக்குக் கீழே போனால் ஒருவர் வராத நாளில் மேசை படுத்துவிடும்.

முதலில் ஆட்களைக் குறிக்கவில்லை, நாற்காலிகளைக் குறித்தார்கள். மலைக்கிராமங்களுக்கு 10 நாற்காலி. அதில் குறைந்தது ஆறு மலையாளிப் பழங்குடியினர், ஐந்து பெண்கள். சுற்றுலாத் தொழிலுக்கு 5: லாட்ஜ், ஹோம்ஸ்டே, ஜீப், ஏரிக்கரைக் கடை, வழிகாட்டி. எஸ்டேட்டுக்கு 3: முதலாளி ஒருவர், மேஸ்திரி ஒருவர், கூலித் தொழிலாளி ஒருவர். பேருந்து, சரக்கு வண்டி ஓட்டுநர்கள் 2. அடிக்கடி மேலே போகும் சேலத்துக் குடும்பங்களிலிருந்து 4. இந்த நான்கையும் கோரிமேடு, அஸ்தம்பட்டி பக்கமே நிரப்பிவிடாமல் அம்மாபேட்டையிலிருந்தும் சூரமங்கலத்திலிருந்தும் ஒவ்வொருவரை எடுத்தது நல்ல முடிவு. தறிக்காரக் குடும்பம் வருடத்துக்கு ஒருமுறை அரசுப் பேருந்தில் மலைக்குப் போகும். கார் வைத்திருப்பவரின் ஏற்காடும் அந்தக் குடும்பத்தின் ஏற்காடும் ஒன்றல்ல.

தானாகக் கை தூக்குபவர்களை மட்டும் வைத்து நிரப்பினால் எங்கேயும் ஒரே முகம்தான் வரும்: அறுபது வயதைத் தாண்டிய ஆண்கள், சங்கப் பொறுப்பாளர்கள், பேசிப் பழகியவர்கள். அவர்கள் வேண்டும், கோப்பு எங்கே நிற்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று எல்லை வைக்கப்பட்டது. மீதி நாற்காலிகளுக்கு வீட்டுக்குப் போய்த்தான் அழைக்க வேண்டும். 24 பேர் வேண்டுமென்றால் 40 வீட்டையாவது தட்ட வேண்டியிருக்கும். அழைப்பிதழ் கொடுத்தால் வர மாட்டார்கள். நேரில் போய், எத்தனை நாள், எத்தனை மணி, என்ன சாப்பாடு, யார் கொண்டுவந்து விடுவார்கள், கூலி எவ்வளவு என்று ஐந்தையும் சொன்னால் வருவார்கள்.

கூலி பற்றிச் சிலருக்குத் தயக்கம் இருக்கும்: பொதுக் காரியத்துக்குப் பணமா என்று. நாள் கூலியை இழந்து வருபவருக்கும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வருபவருக்கும் புதன்கிழமையின் விலை ஒன்றல்ல. 2025–26-இல் நூறு நாள் வேலையின் தினக்கூலியே தமிழ்நாட்டில் 336 ரூபாய். வட்டத்தில் எல்லோருக்கும் ஒரே தொகை, அமர்வுக்கு 500 ரூபாய், பேருந்துச் செலவு உட்பட. வேண்டாம் என்பவர் வாங்கிக்கொண்டு பொது நிதிக்குத் திருப்பிக் கொடுக்கலாம். சிலருக்கு மட்டும் கொடுத்தால் வாங்கியவர் தலை குனிந்து உட்காருவார். அதை மேசையில் பேச்சை நடத்தித்தரும் எந்த நெறியாளராலும் சரிசெய்ய முடியாது.

செலவுக் கணக்கு இப்படி வந்தது. கூலி 24 பேருக்கு ஐந்து அமர்வு, 60,000. சாப்பாடும் மாலைச் சிற்றுண்டியும் 30 பேருக்கு, ஆளுக்கு 150 வீதம், 22,500. கிராமங்களிலிருந்து கூட்டிவர இரண்டு ஜீப், நாளுக்கு 2,000 வீதம், 20,000. நெறியாளர் பயிற்சி 6,000. அச்சும் எழுதுபொருளும் 5,500. தகவல் மனு, தபால் 500. மொத்தம் 1,14,500, கையிருப்பாகப் பத்து சதவீதம் சேர்த்தால் 1,26,000-ஐத் தொடும். ஒருவரிடம் 5,000-க்கு மேல் வாங்குவதில்லை என்று விதி. லாட்ஜ்காரர்கள் மொத்தச் செலவையும் ஏற்கிறோம் என்று முன்வந்தால் அன்போடு மறுக்க வேண்டும். அறிக்கை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், யார் காசில் நடந்தது என்ற ஒற்றைக் கேள்வி அதைக் கவிழ்த்துவிடும்.

இடத்துக்கும் இதே தர்க்கம்தான். லாட்ஜ் மண்டபமும் வேண்டாம், எஸ்டேட் பங்களாவும் வேண்டாம், ஒன்றிய அலுவலகமும் வேண்டாம். அனுமதி வாங்கி ஒரு பள்ளிக்கூடத்தின் கூடம். மேடை இல்லை, மைக் இல்லை, பொன்னாடை இல்லை, குத்துவிளக்கு இல்லை, வரவேற்புரை இல்லை. நம் ஊர்க் கூட்டங்களில் இந்த ஐந்தும் சேர்ந்து முதல் நாற்பது நிமிடத்தைத் தின்றுவிடும். அதைவிட, யார் பெரியவர் என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடும்.

எல்லோருக்கும் பொதுவான தகவல்

ஆளுக்கொரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் விவாதம் எண்ணைப் பற்றியதாகிவிடும். "ஞாயித்துக்கிழமை பத்தாயிரம் வண்டி வருது" என்பார் ஒருவர், "ரெண்டாயிரம்கூட இருக்காது" என்பார் இன்னொருவர். அதனால் வட்டம் கூடுவதற்கு முன்பே இரண்டு வழியில் எண்கள் சேகரிக்கப்பட்டன.

ஒன்று தகவல் உரிமை மனு. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ஜூன் மாதமே போட்டாயிற்று. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்கு மேலும் 30 முதல் 45 நாள். ஆகஸ்டில் தொடங்கும் வட்டத்துக்கு ஜூலையில் மனு போட்டால் தாமதம்தான். கேட்கும் விதமும் முக்கியம். "ஏற்காட்டில் நெரிசலைக் கட்டுப்படுத்த ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் தகவல் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். "அடிவாரம் சோதனைச்சாவடியில் பராமரிக்கப்படும் வாகனப் பதிவேட்டின் மே மாதப் பக்கங்களின் நகல்" என்று ஆவணத்தைக் குறிப்பிட்டுக் கேட்டால் நகல் வரும்; இல்லையென்றால் அப்படி ஒரு பதிவேடு இல்லை என்ற பதிலாவது வரும். அந்தப் பதிலும் வட்டத்துக்குப் பயன்படும் தகவல்தான்.

இரண்டாவது, நேரில் எண்ணுவது. மே மாதத்தில் ஒரு சனி, ஒரு ஞாயிறு, ஒரு புதன்; ஜூலையில் அதே மூன்று நாள். காலை 6 முதல் இரவு 8 வரை, 15 நிமிடக் கட்டங்களாக. ஏறுவது, இறங்குவது தனித்தனி. இருசக்கர வண்டி, கார், வேன், சுற்றுலாப் பேருந்து, அரசுப் பேருந்து, சரக்கு வண்டி என ஆறு வகை. ஒரு இடத்துக்கு இரண்டு பேர், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்று. இதில் வழக்கமாக நேரும் பிழை, அடிவாரத்தில் மட்டும் நின்று எண்ணுவது. குப்பனூர் வழியாகவும் மலைக்குப் பாதை இருக்கிறது. அங்கே ஆள் நிறுத்தாவிட்டால் ஏறியதும் இறங்கியதும் பொருந்தாது. பொருந்தாத கணக்கை முதல் அமர்விலேயே யாராவது பிடித்துவிடுவார்கள். பிறகு மற்ற எண்களையும் நம்ப மாட்டார்கள்.

இவற்றோடு எட்டுப் பக்கக் குறிப்பேடு ஒன்று, பெரிய எழுத்தில். உள்ளே மூன்று வழிகள் மட்டும். முதல் வழி, ஊட்டி மாதிரி எண்ணிக்கை வரம்போடு இ-பாஸ். இரண்டாவது, வெளியூர்க் கார்களை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அங்கிருந்து பேருந்து. மூன்றாவது, எண்ணிக்கையைத் தொடாமல் மலை மேல் நிர்வாகத்தைச் சீர்படுத்துவது: வண்டி நிறுத்துமிடக் கட்டணம், நெரிசல் நாட்களில் அடிவாரம் வழி ஏறவும் குப்பனூர் வழி இறங்கவும் ஒருவழிப்பாதை. இரண்டு வழி கொடுத்தால் சண்டை. ஐந்து கொடுத்தால் குழப்பம். ஒவ்வொரு வழிக்கும் ஒரு பக்கத்தில் பயன், எதிர்ப்பக்கத்தில் அதே நீளத்துக்கு யாருக்கு என்ன இழப்பு. அமெரிக்காவில் கெட்டரிங் அறக்கட்டளையோடு சேர்ந்து வளர்ந்த தேசியப் பிரச்சினை மன்றங்களில் நிலைபெற்ற முறை இது. இழப்பை எழுதாத வழி கொள்கையே அல்ல, வெறும் விருப்பம் என்பது அதன் அடிப்படை. குறிப்பேட்டை அச்சடிக்கும் முன் லாட்ஜ் தரப்பில் ஒருவரும் இயற்கை ஆர்வலர் ஒருவரும் படித்து, தங்கள் தரப்பு நியாயமாக வந்திருக்கிறது என்று கையெழுத்திட்டார்கள். முதல் அமர்வில் மூன்று மேசையிலும் குறிப்பேடு வாய்விட்டுப் படிக்கப்பட்டது. எழுத்துக் கூட்டிப் படிப்பவர் யார், சரளமாகப் படிப்பவர் யார் என்று அம்பலமாகாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

அமர்வுகள்

முதல் அமர்வில் கருத்தே கேட்கவில்லை. "இந்த விஷயம் உங்க வீட்டுல எங்க வந்து இடிக்குது?" என்று ஆளுக்கு மூன்று நிமிடம். மேசைக்கு எட்டுப் பேர், 24 நிமிடம். மணல் கடிகாரம் மேசை நடுவில் இருந்தது. நெறியாளர் யாரையும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது அமர்வில் போக்குவரத்துக் காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்துக் கழகம் ஆகியவற்றில் வேலை பார்த்து அனுபவம் உள்ள மூவர் வந்தார்கள். பேசுவதற்கல்ல, கேள்விக்குப் பதில் சொல்வதற்கு. கேள்விகளை மேசைகள் முந்தைய அமர்விலேயே எழுதியிருந்தன. ஆளுக்கு ஐந்து நிமிட அறிமுகம், பிறகு மேசை மேசையாக 25 நிமிடம். அலுவலரை நடுவில் உட்காரவைத்தால் எந்த வட்டமும் பத்து நிமிடத்தில் மனுநாளாகிவிடும். அவரை மேசைக்கு மேசை நகரவைத்தால் உரையாடல் ஆகும்.

மூன்றாவது அமர்வைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முதல் வழியை அலசிக்கொண்டிருந்த மேசையில், உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு கொடுத்துவிடலாம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. குறிப்பெடுப்பவர் சுவரில் ஒட்டிய தாளில் 'உள்ளூர் வண்டி – விலக்கு' என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போக இருந்தார். ஜீப் ஓட்டுபவர் கையைத் தூக்கினார்.

"ஏனுங்க, நீலகிரிக்குத் தனி நம்பர் இருக்குது, டிஎன் 43. பார்த்தாலே தெரிஞ்சுரும். ஏற்காட்டுக்கு ஏதுங்க தனி நம்பர்? என் ஜீப்பும் டிஎன் 30 தான். அஞ்சு ரோட்டுல இருந்து ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வர்ற காரும் டிஎன் 30 தான். எந்த வண்டிய விடுவீங்க, எந்த வண்டிய நிறுத்துவீங்க?"

மேசை சிறிது நேரம் பேசவில்லை. நீலகிரி தனி மாவட்டம். ஏற்காடு சேலம் மாவட்டத்தின் ஒரு தாலுகா. பதிவெண்ணை வைத்துப் பிரித்தால் சேலம் நகரம் முழுக்க உள்ளூராகிவிடும், வரம்புக்கே பொருளில்லை. ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் வழி சொன்னார்: வண்டியின் பதிவுப் புத்தகத்தில் ஏற்காடு முகவரி இருந்தால் விலக்கு. அதற்கு மலைக்கிராமத்துப் பெண் ஒருவர், அதுவரை அதிகம் பேசாதவர், பதில் சொன்னார்.

"எங்க ஊர்ல வண்டி வெச்சிருக்கறவங்க எத்தன பேருங்க? ஆஸ்பத்திரிக்குப் போனா வாடகை வண்டிதான். திரும்பி வர்றப்ப கன்னங்குறிச்சியில இருக்கற எங்கண்ணன் வண்டியில கொண்டாந்து விடுவாரு. புத்தகம் அவரு பேர்ல, கீழ் முகவரி. எங்களக் கீழயே எறக்கி உட்ருவாங்களா?"

நெறியாளர் தீர்வு எதையும் சொல்லவில்லை. "அக்கா, நீங்க சொன்னத இப்படி எழுதட்டுங்களா: விலக்கு வண்டிக்கு இல்ல, அதுல வர்ற குடும்பத்துக்கு. சரிங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் தலையாட்டினார். அங்கிருந்துதான் குடும்பச் சீட்டு என்ற யோசனை வளர்ந்தது: ஊராட்சி தரும் சீட்டு, குடும்பத்துக்கு ஒன்று, எந்த வண்டியில் வந்தாலும் செல்லும். கோப்பு படித்தவர்கள் எழுதியிருந்தால் வண்டி எண்தான் வந்திருக்கும். பத்து நாற்காலியை மலைக்கிராமங்களுக்கு ஒதுக்கியதன் பலன் இந்த இரண்டு நிமிடம்.

நெறியாளர் வேலையின் சாரமும் இதில் இருக்கிறது. திரும்பச் சொல்வது, சொன்னவரிடமே சரிபார்ப்பது, தாளில் அவர் சொல்லை மாற்றாமல் எழுதுவது. இதற்கு இரண்டு நாள் பயிற்சி போதும், ஆனால் பயிற்சி இல்லாமல் முடியாது. ஆசிரியர்கள் நல்ல நெறியாளர்களாவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். விடை தெரிந்தவுடன் சொல்லிவிடும் பழக்கம் அவர்களுக்குத் தடையாக நிற்கும். சுய உதவிக் குழு நடத்திய பெண்கள் பெரும்பாலும் கைதேர்ந்தவர்கள்: எல்லோரையும் பேசவைத்து, கணக்கை முடித்து, நேரத்துக்கு எழுந்துவிடுவார்கள்.

சுவர்த்தாளில் மூன்று பத்தி: ஒத்துப்போகிறோம், ஒத்துப்போகவில்லை, இன்னும் தெரிய வேண்டும். மூன்றாவது பத்திதான் வட்டத்தைக் காப்பாற்றுகிறது. சூடேறும் வாக்குவாதங்களில் பாதி, தகவல் இல்லாததால் வருபவை. அதை அங்கே எழுதிவைத்து, இரண்டு வாரத்தில் தேடிக்கொண்டு வரலாம். இரண்டு அமர்வுக்கு இடையே வாட்ஸ்அப் குழுவில் விவாதம் கூடாது என்றும் விதி இருந்தது, அறிவிப்புக்கு மட்டும். ஸ்மார்ட்போன் இல்லாதவர் அடுத்த அமர்வுக்கு வரும்போது முடிவு எடுத்து முடிந்திருக்கும் நிலை வரக் கூடாது.

நான்காவது அமர்வில் மேசைகள் கலைக்கப்பட்டு ஆட்கள் மாற்றி உட்காரவைக்கப்பட்டார்கள். மூன்று வழியிலிருந்தும் பகுதிகளை எடுத்துப் பதினொரு வாசகங்கள் எழுதப்பட்டன. ஐந்தாவது அமர்வில் வாக்கெடுப்பு இல்லை. ஒவ்வொரு வாசகத்துக்கும் எதிரே ஏற்கிறேன், பொறுத்துக்கொள்வேன், ஏற்க முடியாது என்று மூன்று கட்டம், ஆளுக்கொரு பொட்டு. 24 பேரில் 20 பேராவது முதல் இரண்டு கட்டங்களில் ஒட்டினால் வாசகம் அறிக்கையின் முதல் பகுதிக்குப் போகும். ஏற்க முடியாதவர்கள் காரணத்தைத் தங்கள் சொல்லில் அரைப்பக்கம் எழுதலாம். அதுவும் அறிக்கையில் சேரும். தோற்றவர் என்று யாரும் வெளியே போகாமல் இருக்க இது உதவுகிறது. ஆட்சியருக்கும் எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே தெரிகிறது. வரம்பை ஏப்ரல் முதல் ஜூன் வரை சனி, ஞாயிறுகளில் மட்டும் வைப்பது, குடும்பச் சீட்டு, நெரிசல் நாளில் ஒருவழிப்பாதை ஆகியவை கோட்டைத் தாண்டின. அடிவாரத்தில் நிறுத்துவது தாண்டவில்லை. சேலத்துக் குடும்பங்கள் அதை ஆதரித்தன, ஜீப்காரர்களும்கூட. அங்கே அவ்வளவு வண்டிக்கு இடம் எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் மூன்றாவது பத்தியிலேயே நின்றுவிட்டது.

இடைவேளைக்குத் தட்டுவடை செட். சேலத்தில் கூட்டம் போட்டு இதைக் கொடுக்காமல் அனுப்புவது சரியில்லை. தவிரவும், கையில் தட்டோடு நிற்கும்போதுதான் எஸ்டேட் முதலாளியும் கூலித் தொழிலாளியும் முதல் முறையாக வண்டியைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். இருபது நிமிடத்துக்குக் குறைக்க வேண்டாம்.

காகிதம்

ஆட்சியருக்கு நான்கு பக்கம், அதற்கு மேல் இல்லை. முதல் பக்கத்தில் ஏற்கப்பட்ட வாசகங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் செய்யும் அதிகாரம் எந்தத் துறைக்கு, எந்தப் பிரிவில் என்ற குறிப்பு. கிராம சபைக்குத் தனியாக ஒரே பத்தி. சபைத் தீர்மானங்கள் பெரும்பாலும் "வாகன நெரிசலைக் கட்டுப்படுத்த உரிய நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று முடியும். யாரை, எதை, எப்போதைக்குள் என்று எதுவும் இல்லாத தீர்மானத்துக்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. வட்டம் தந்த வரைவு இப்படி இருந்தது: "மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 115-இன் கீழ், ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை சனி, ஞாயிறுகளில் ஏற்காடு மலைப்பாதைகள் இரண்டிலும் வாகன எண்ணிக்கையை நெறிப்படுத்தும் முன்மொழிவை, உள்ளூர்க் குடும்பங்களுக்கு ஊராட்சி வழங்கும் சீட்டின்படி விலக்களித்து, டிசம்பர் 31-க்குள் அரசுக்கு அனுப்புமாறு மாவட்ட ஆட்சியரை இச்சபை கோருகிறது." எண்ணிக்கை எவ்வளவு என்று வட்டம் சொல்லவில்லை. ஊட்டி, கொடைக்கானலில் மலையின் தாங்குதிறனைக் கணக்கிடும் பணி சென்னை ஐஐடி, பெங்களூரு ஐஐஎம் வசம் ஒப்படைக்கப்பட்டது. 24 பேர் உத்தேசமாக ஒரு எண்ணைச் சொன்னால் மற்ற வாசகங்களின் மதிப்பும் குறையும்.

தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் காலத்தில் இந்தக் காகிதம் நகராது. அரசு எந்தப் புதிய அறிவிப்பும் செய்யாது. கால அட்டவணை போடும்போதே தேர்தல் ஆண்டா என்று பார்த்து, ஆமென்றால் எல்லாவற்றையும் இரண்டு மாதம் முன்னே தள்ள வேண்டும்.

நகரத்தில் இதே மாதிரி நடத்த நினைப்பவர்களுக்கு மேசை மட்டும் மாறும். திருமணிமுத்தாறோ, குப்பை பிரிப்போ, ஏதாவது ஒரு வார்டின் கேள்வி என்றால் 1998 நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் 2022-இல் வந்த விதிகள்படி பகுதி சபைக்கும், கவுன்சிலர் தலைமையிலான வார்டு குழுவுக்கும் கொண்டுபோகலாம். நாற்காலிக் கணக்கு, குறிப்பேடு, பொட்டு எல்லாம் அப்படியே.

அறிக்கை கொடுத்த நாளில் ஒப்புகைச் சீட்டு வாங்கி, அதன் நகல் 24 பேருக்கும் போனது. அறுபதாவது நாள் அறிக்கையின் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகலைக் கேட்டுத் தகவல் மனு போடும் பொறுப்பு ஐந்தாவது அமர்விலேயே இருவருக்குக் கொடுக்கப்பட்டது: சேலத்தில் ஒருவர், மலையில் ஒருவர். பதில் வந்ததும் அதை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு நிறுத்தக் கூடாது. தாளாக எடுத்துக்கொண்டு, யாரை முதலில் வீட்டுக்குப் போய் அழைத்தோமோ அவர் வீட்டுக்கே போய்ப் படித்துக்காட்ட வேண்டும். அடுத்த வட்டத்துக்கு அந்த நாற்பது வீடுகளைத் தட்டும்போது கதவு திறப்பது இதைப் பொறுத்தே இருக்கிறது.